சம்மான்காரரும் சவூதிக்காரரும்

நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் வெள்ளிக்கிழமை லீவில் வாசித்தாலும் போதும்.

எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு வாதம் அடிக்கடி வருகிறது. மார்ச் மாதம் பிறந்தால் கட்டாயம் வரும். "சவூதிக் காசு வந்து மாடி வீடும் அபாயாவும் பெருகினதாலதான் சிங்கள ஆக்களுக்கு எரிச்சல் வந்தது, அதுதான் 2018ல திகன எரிஞ்சது" என்று ஒருவர் போடுவார். ரியாத்திலோ டோஹாவிலோ இருக்கும் ஒருவர் இரவு டியூட்டி முடிந்து வந்து, "நாங்க இங்க யாருக்காக கஷ்டப்படுறோம் நானா?" என்று கேட்பார். பிறகு குரல் பதிவுகள் பறக்கும். கடைசியில் அட்மின் குழுவைப் பூட்டி வைப்பார்.

இந்த வாதம் நேற்று வந்ததல்ல. நூறு வருஷத்துக்கு முன்னால் இதே கண்டியில், வேறொரு கூட்டத்தாரைப் பற்றி இதையே பேசினார்கள். அவர்களும் பிழைப்புக்காக ஊரையும் குடும்பத்தையும் விட்டு வந்த முஸ்லிம்கள்தான். அவர்களுக்கு இந்த நாடு வெளிநாடு. எங்கள் பாட்டன்மார் அவர்களைச் சம்மான்காரர் என்றார்கள்.

சம்மான் என்றால் ஒரு வகைப் படகு. அதில் வந்தவர்கள் சம்மான்காரர். சிங்களத்தில் அதுவே ஹம்பங்காரயா, பிறகு ஹம்பயா என்று ஆனது. இன்றைக்கும் சண்டை வந்தால் எங்களைப் பார்த்துச் சொல்லப்படும் அந்தச் சொல் முதலில் எங்களைக் குறித்ததல்ல. கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம் போன்ற தமிழ்நாட்டுக் கரையூர்களில் இருந்து வந்த வியாபாரிகளைக் குறித்தது. வெள்ளைக்காரர் அவர்களைக் கரையோரச் சோனகர் என்று எழுதினார்கள். 1911 குடிசன மதிப்பீட்டில் இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்று இரண்டாகப் பிரித்து எண்ணினார்கள். அதில் இந்தியச் சோனகர் 33,000 அளவில். எங்களில் ஏழு பேருக்கு அவர்களில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி, ஹட்டன் என்று தோட்டங்கள் திறக்கத் திறக்க அவர்களும் மேலே ஏறி வந்தார்கள். அரிசி, துணி, கருவாடு, பலசரக்கு. கடைக்குப் பின்னால் பாயை விரித்துப் படுப்பார்கள். முதலாளியும் கடைப்பையனும் ஒரே ஊராக, அநேகமாக ஒரே சொந்தமாக இருப்பார்கள். வருஷத்துக்கோ இரண்டு வருஷத்துக்கோ ஒரு தடவை ஊர் போய் வருவார்கள். 1914ல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் கப்பல் ஓடத் தொடங்கியதும் பயணம் லேசானது. அதற்கு முன் தூத்துக்குடிக் கப்பல்தான்.

மனைவியும் பிள்ளைகளும் மறுகரையில். இதைக் கவனிக்க வேண்டும். கீழக்கரை, காயல்பட்டினப் பக்கத்து வழக்கப்படி பெண் கல்யாணத்துக்குப் பிறகும் தாய் வீட்டோடு இருப்பாள், வீடு பெண்ணுக்கு. அதனால் ஆண் சபுர் போவதும் பெண் வீட்டைக் காப்பதும் அங்கே பல தலைமுறைப் பழக்கம். அதோடு, கடைக்குப் பின்னால் பாயில் படுப்பவன் குடும்பத்தை எங்கே கொண்டுவந்து வைப்பான்? சிலர் இங்கேயே கல்யாணம் செய்து தங்கிவிட்டார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நாங்கள் என்று சொல்லிக்கொள்ளும் கூட்டத்துக்குள் கரைந்துபோய் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், மூன்று நாலு தலைமுறைக்கு முன் ஒரு பெயரோடு ஒரு கரையூர்ப் பெயரும் வந்து நிற்கக்கூடும்.

1900களில் கரையோரச் சிங்கள வியாபாரிகளும் இந்தப் பக்கம் கடை போடத் தொடங்கியிருந்தார்கள். போட்டி வந்தது. அநகாரிக தர்மபாலவின் சிங்கள பௌத்தயா பத்திரிகை 1906ல் தொடங்கியது. அந்நிய வியாபாரிகளுக்கு எதிரான எழுத்து அதில் தொடர்ந்து வந்தது. குற்றச்சாட்டு என்னவென்றால், இவன் இந்த மண்ணுக்குச் சொந்தமில்லாதவன், குடும்பம் இங்கே இல்லை, சம்பாதிப்பதை எல்லாம் வெளியே அனுப்புகிறான். 1914ல் உலக யுத்தம் வந்து சாமான் விலை ஏறியதும் கோபம் கடைக்காரன் மேல் திரும்பியது.

கம்பளை வழக்கு இதே காலத்தில்தான் நடந்தது. வலஹாகொட தேவாலயத்தின் பெரஹரா அம்பகமுவ வீதியால் போகும். அந்த வீதியில் சம்மான்காரர் ஒரு பள்ளி கட்டியிருந்தார்கள். பள்ளிக்கு முன்னால் மேளம் அடிக்கக்கூடாது என்று அவர்கள் கேட்டார்கள். அரசாங்கம் குறிப்பிட்ட தூரத்துக்கு மேளத்தை நிறுத்தச் சொன்னது. தேவாலயத்தின் பஸ்நாயக்க நிலமே 1815 கண்டி ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போட்டார். பௌத்த மதத்தையும் அதன் சடங்குகளையும் காப்பதாக அதில் ஐந்தாவது பிரிவு இருக்கிறது. 1914ல் கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்ப்புச் சொன்னார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. கண்டி ஒப்பந்தத்தின் நூறாவது வருஷம் அடுத்த மாதம். கண்டிச் சிங்களவரின் மனதில் அது எப்படி விழுந்திருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கதையைப் படிக்க வேண்டும். மேளத்தை விட்டுக்கொடுத்திருந்தால் என்ன என்ற கேள்வி எங்களுக்கு இன்று வருவது நியாயம்தான்.

1915 மே 28, வெசாக் இரவு. கண்டி காசல் ஹில் வீதியில் ஒரு பக்திப் பாடல் ஊர்வலம் பள்ளிவாசலுக்குக் கிட்ட வந்தபோது கேலி, கல்வீச்சு, பிறகு அடிதடி. பள்ளி தாக்கப்பட்டது, கடைகள் உடைந்தன. இரண்டு மூன்று நாட்களில் தண்டவாளம் போன வழியெல்லாம் கலவரமும் போய் கொழும்பை அடைந்தது. ஜூன் 2ல் இராணுவச் சட்டம். ஐந்து மாகாணங்களில் 4,000க்கு மேற்பட்ட கடைகள் கொள்ளை போயின. 80க்கு மேற்பட்ட பள்ளிவாசல்கள் சேதமாயின. அரச கணக்கில் கொல்லப்பட்ட முஸ்லிம்கள் 25 பேர். பிறகு அரசாங்கம் கொடுத்த தண்டனை கலவரத்தைவிடக் கொடூரமாக இருந்தது. விசாரணை என்று சொல்ல முடியாத விசாரணைகளில் சிங்களவர் சுடப்பட்டார்கள். இளைஞர் ஹென்றி பெத்ரிஸ் ஜூலை 7ல் சுட்டுக் கொல்லப்பட்டார். டீ.எஸ். சேனாநாயக்க உட்படப் பலர் சிறையில் அடைக்கப்பட்டார்கள். நஷ்டஈட்டுக்கு என்று ஒரு சட்டம் போட்டு அந்தந்தப் பகுதிச் சிங்களவரிடம் பணம் அறவிட்டார்கள். கல்லைத் தொடாதவனும் கட்டினான். அந்தக் கசப்பு யார் கணக்கில் ஏறியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது நாங்கள் சொல்ல வந்த இடம். கோபம் சம்மான்காரர் மேல்தான், உள்ளூர்ச் சோனகர் மேல் அல்ல என்று அப்போதும் பின்னாலும் நிறையப் பேர் எழுதினார்கள். சிங்களத் தலைவர்களுக்காகச் சட்டசபையில் வாதாடிய பொன்னம்பலம் இராமநாதனின் பேச்சிலும் இந்தப் பிரிப்பு உண்டு. தொடக்கத்தைப் பொறுத்தவரை அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் கடை உடைக்க வந்தவன் கதவில் நின்று, நீ கீழக்கரையா கண்டியா என்று கேட்கவில்லை. நூற்றாண்டுக்கணக்கில் இங்கேயே இருந்து, கண்டி மன்னர் காலத்தில் தவளம் ஓட்டி உப்பும் கருவாடும் சுமந்த குடும்பங்களின் கடைகளும் எரிந்தன.

அதற்குப் பிறகாவது அந்தப் பிரிப்பை நாங்கள் விட்டோமா? இல்லை. 1930களிலும் 40களிலும் எங்கள் தலைவர்களிடையே சோனகர் என்பதா முஸ்லிம் என்பதா என்று பெரிய விவாதம் நடந்தது. ராசிக் பரீத்தின் சோனகர் சங்கம் ஒரு பக்கம், டீ.பீ. ஜாயாவின் முஸ்லிம் லீக் மறுபக்கம். சோனகர் என்ற பெயரை அழுத்திச் சொன்னதில், நாங்கள் இந்தியர் அல்ல என்று காட்டும் நோக்கமும் இருந்தது. அந்தக் காலத்தின் அரசியலில் அதற்குக் காரணம் இருந்திருக்கலாம். தோளோடு தோள் நின்று தொழுதவனைப் பெயர்ப் பட்டியலில் தள்ளி வைத்தோம் என்பதும் நடந்ததுதான்.

1915ல் மறுகரையில் இருந்த பெண்களை யாரும் எழுதி வைக்கவில்லை. கண்டியில் கடை எரிந்தது, கொழும்பில் இராணுவச் சட்டம் என்று தந்தி போகிறது. கடைக்குப் பின்னால் படுத்திருந்த கணவன் உயிரோடு இருக்கிறானா என்று தெரிய ஒரு கடிதம் வர வேண்டும். அந்த நாட்கள் அவர்களுக்கு எப்படிப் போயிருக்கும் என்று எங்களுக்கு இன்று ஓரளவு விளங்கும்.

அவர்கள் மறுபடி கடை திறந்தார்கள். இன்னும் முப்பது வருஷம் ஓடியது. பிறகு வந்தது கல்லும் நெருப்பும் இல்லாத அடி.

சுதந்திரம் கிடைத்த 1948லேயே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. பிரதமர் டீ.எஸ். சேனாநாயக்க, 1915ல் சிறையில் இருந்த அதே மனிதர். இந்தச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியதை எல்லோரும் அறிவோம், அவர்களின் எண்ணிக்கை பெரியது, துயரமும் பெரியது. சம்மான்காரரும் அதே வலையில் விழுந்தார்கள் என்பதைத்தான் நாங்கள் மறந்துவிட்டோம். 1949ல் இந்திய, பாகிஸ்தானிய வதிவிடக்காரருக்கென்று பிரஜாவுரிமைச் சட்டம் ஒன்று வந்தது. விண்ணப்பிப்பவர் கல்யாணம் முடித்தவர் என்றால் 1946க்கு முன் தொடர்ச்சியாக 7 வருஷம் இங்கே இருந்திருக்க வேண்டும், முடிக்காதவர் என்றால் 10 வருஷம். அது போதாது. மனைவியும் சிறுபிள்ளைகளும் இங்கேதான் வசித்தார்கள் என்று காட்ட வேண்டும்.

இந்த நிபந்தனை சம்மான்காரனைப் போல் வேறு யாருக்குப் பொருந்தாமல் போகும்? இருபது வருஷம் கண்டியில் கடை வைத்திருந்தவன், வரி கட்டியவன், சிங்களம் சரளமாகப் பேசுபவன். மனைவி காயல்பட்டினத்தில். ஆகவே நீ இந்த நாட்டுக்காரன் இல்லை. குடும்பத்தைக் கூட்டிவர வசதியும் வழியும் இல்லாமல் இருந்தது ஒரு காலம். கூட்டிவரவில்லை என்பதே அவனுக்கு எதிரான சாட்சியானது அடுத்த காலம்.

தற்காலிக வதிவிட அனுமதி என்று ஒரு முறை வந்தது. டீ.ஆர்.பீ. என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். காலம் முடியுமுன் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் போக வேண்டும். 1953ல் வந்த அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு வீட்டுக்குக் காசு அனுப்புவதும் அனுமதியோடுதான். 1964 அக்டோபரில் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். அதே வருஷம் டிசம்பரில் புயல் வந்து தனுஷ்கோடியை அழித்தது, அவர்கள் இறங்கி ஏறிய துறையே இல்லாமல் போனது. ஒவ்வொருவராகக் கடையைக் கைமாற்றிவிட்டுப் போனார்கள். வாங்கியவர்களில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள். என்ன விலைக்கு வாங்கினோம் என்பது அந்தந்தக் குடும்பத்துக்குத் தெரிந்திருக்கும்.

இனி எங்கள் திகனக்கு வருவோம். எழுபதுகளின் கடைசியில் இங்கே இரண்டு காரியம் ஒரே நேரத்தில் நடந்தது. விக்டோரியா அணைக்கட்டு வேலை தொடங்கியது. பிரித்தானிய உதவி, பிரித்தானியக் கம்பெனி. 122 மீற்றர் உயரம். 1985 ஏப்ரலில் மார்கரட் தாட்சர் வந்திருக்கும்போது திறந்தார்கள். பழைய தெல்தெனிய நகரம் தண்ணீருக்குள் போனது. அந்த வேலைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் குடும்பத்தோடு தங்கத்தான் திகனயில் அந்த வீடுகளைக் கட்டினார்கள். அவர்களும் வெளிநாட்டில் வேலை செய்ய வந்தவர்கள்தானே? மனைவி பிள்ளைகளோடு வந்தார்கள். வீட்டையும் காவலையும் வேலை கொடுத்தவனே பார்த்துக்கொண்டான். ஏன் குடும்பத்தைக் கூட்டிவந்தாய் என்றோ, ஏன் உன் காசை ஊருக்கு அனுப்புகிறாய் என்றோ அவர்களை யாரும் கேட்டதில்லை.

அதே வருஷங்களில் எங்கள் ஆட்கள் வளைகுடாவுக்குப் போகத் தொடங்கினார்கள். 1973க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியது, அங்கே வேலை திறந்தது. 1977க்குப் பிறகு இங்கே வெளிநாட்டுப் பயணத்துக்கிருந்த கட்டுப்பாடு தளர்ந்தது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. சாரதி, கடைச் சிப்பந்தி, கட்டட வேலை, பெண்கள் வீட்டு வேலை. கபீலின் பெயரில் விசா, வேலை மாற வேண்டுமென்றால் அவனுடைய சம்மதம். சில நாடுகளில் அண்மைக்காலத்தில் இதைத் தளர்த்தியிருக்கிறார்கள், ஆனால் எங்கள் வாப்பாமார் கழித்த இருபது முப்பது வருஷம் அந்தப் பழைய முறைக்குள்தான்.

"ஏன் குடும்பத்தைக் கூட்டிப்போகவில்லை" என்று இங்கே லேசாகக் கேட்கிறோம். விசா விதியை வாசித்துப் பாருங்கள். குடும்ப விசாவுக்குக் குவைத் 2024ல் வைத்த சம்பள எல்லை மாதம் 800 தினார். சவூதியில் 2017 ஜூலையில் இருந்து, கூட இருக்கும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் வந்தது. வருஷத்துக்கு 100 ஆகக் கூட்டி 2020ல் 400 ஆக்கினார்கள். மனைவியும் மூன்று பிள்ளைகளும் என்றால் மாதம் 1,600 ரியால். சாரதி ஒருவரின் முழுச் சம்பளமே சில வேளை அவ்வளவுதான். ஜித்தாவிலும் ரியாத்திலும் குடும்பத்தோடு இருந்த எத்தனையோ பேர் 2017, 18ல் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியாக அறைக்குப் போனார்கள். எங்கள் பக்கத்துக்கும் அப்படி வந்த குடும்பங்கள் உண்டு. இங்கே பாதுகாப்பு, ஊர், சொந்தம் என்று நம்பி வந்தார்கள். வந்து சில மாதத்தில் 2018 மார்ச்.

பெண்கள் போனதற்கும் இங்கே ஒரு பேச்சு உண்டு, அதைத் தனியாக எழுத வேண்டும். ஒன்று மட்டும் சொல்கிறோம். 2013ல் அரசாங்கம் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கொண்டுவந்து, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டு வேலைக்குப் போக முடியாது என்றது. போகும் தகப்பனிடம் அப்படி எந்த அறிக்கையும் கேட்கவில்லை. அந்த வருஷம் ஜனவரி 9ல்தான் மூதூர் ரிசானா நபீக்குக்குச் சவூதியில் மரண தண்டனை நிறைவேற்றினார்கள். 2005ல் போகும்போது பதினேழு வயதுப் பிள்ளை, கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிப் போட்டிருந்தார்கள். அல்லாஹ் அந்தப் பிள்ளையைப் பொருந்திக்கொள்வானாக.

வெளிநாட்டில் இருப்பவனின் உயிர்ப் பயம் எப்படியிருக்கும் என்பதை எங்கள் மூத்தவர்கள் குவைத்தில் பார்த்தார்கள். 1990 ஆகஸ்ட் 2ல் ஈராக் உள்ளே வந்தபோது அங்கே ஒரு இலட்சம் அளவில் இலங்கையர் இருந்தார்கள். சம்பளம் இல்லை, தொலைபேசி இல்லை. ஈராக் வழியாக ஜோர்தான் பாலைவனத்துக் கூடாரங்களுக்கு வந்து, அங்கிருந்து விமானம். இங்கே வீட்டில் ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். ஆனால் அந்தச் சம்பவத்துக்கு நஷ்டஈடு கிடைத்தது என்பதை இன்றைய பிள்ளைகள் அறிய வேண்டும். ஐக்கிய நாடுகள் சபை 1991ல் ஓர் ஆணைக்குழுவை அமைத்து, ஈராக்கின் எண்ணெய் வருமானத்தில் ஒரு பங்கை எடுத்துக் கொடுத்தது. நாட்டை விட்டு வெளியேற நேர்ந்ததற்கு மட்டும் தனியாளுக்கு 2,500 டொலர், குடும்பத்துக்கு 5,000. வேறெதுவும் கோருவதில்லை என்றவருக்கு 4,000, குடும்பமென்றால் 8,000. வீட்டு வேலைக்குப் போன ஒரு பெண்ணுக்கும் அதே தொகை. கடைசிக் கொடுப்பனவு 2022ல்தான் முடிந்தது, எல்லோருக்குமாகச் சேர்த்து 5,240 கோடி டொலர். அங்கே இருந்ததற்கு ஆதாரம் வைத்திருந்து படிவம் நிரப்பியவருக்குக் கிடைத்தது.

2018 மார்ச் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகளுக்காகச் சுருக்கமாக எழுதி வைக்கிறோம். பெப்ரவரி 22ல் தெல்தெனியவில் முஸ்லிம் இளைஞர் நால்வர் ஒரு சிங்கள லொறிச் சாரதியைத் தாக்கினார்கள். அது குற்றம், அவர்கள் கைதானார்கள். மார்ச் தொடக்கத்தில் அந்த மனிதர் மரணமானார். மார்ச் 5ல் திகன எரிந்தது. எரிந்த வீட்டுக்குள் எங்கள் இளைஞர் ஒருவரின் ஜனாஸா மறுநாள் கிடைத்தது. 6ஆம் திகதி நாடு முழுக்க அவசரகால நிலை. 7ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் தடை. கலவரம் கெங்கல்ல, மெனிக்ஹின்ன, அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் என்று நகர்ந்தது. அயல் வீட்டுச் சிங்களக் குடும்பங்கள் எங்கள் பிள்ளைகளை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டதும் அதே நாட்களில்தான். அந்த வாரம் ஜும்ஆவுக்குப் பல பள்ளிகளில் பௌத்த பிக்குமார் வந்து காவலுக்கு நின்றார்கள்.

வெளிநாட்டில் இருந்தவர்கள் முதல் இரண்டு நாள் போனில் எல்லாவற்றையும் பார்த்தார்கள். தங்கள் சந்தியை, தங்கள் பள்ளியை, சிலர் தங்கள் கதவை. பிறகு தடை வந்ததும் ஒன்றும் தெரியவில்லை. வன்முறையைப் பரப்பியது அந்தத் தளங்கள்தான் என்பதால் தடைக்கு நியாயம் இருந்தது. பேஸ்புக் நிறுவனமே தன் தளம் இங்கே பயன்பட்ட விதத்துக்காக 2020 மேயில் மன்னிப்புக் கேட்டது. ஆனால் ஐ.எம்.ஓ., வட்ஸ்அப் தவிர வேறு வழியில் ஊரோடு பேசிப் பழகாதவனுக்கு அந்த நாட்கள், 1915ல் காயல்பட்டினத்தில் கடிதத்துக்காகக் காத்திருந்த பெண்ணின் நாட்களேதான். காட் வாங்கி நேரடியாக அழைத்தவர்களுக்கு மணி அடித்தது, எடுக்க ஆள் இல்லை. ஊரடங்கில் வீட்டை விட்டு வேறிடம் போயிருந்தார்கள். கபீல் லீவு கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் டிக்கட் எடுத்து வந்து சேர இரண்டு நாள்.

அந்த வருஷம் வெளிநாட்டில் உழைத்தவர்கள் இந்த நாட்டுக்கு அனுப்பிய பணம் 700 கோடி டொலர் அளவில். அதில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அனுப்பிய காசு எல்லாம் ஒன்றாகத்தான் மத்திய வங்கியின் கணக்கில் சேர்ந்தது. சம்மான்காரனுக்குக் காசை வெளியே அனுப்புகிறாய் என்று குற்றம். சவூதிக்காரனுக்குக் காசை உள்ளே கொண்டுவருகிறாய் என்று குற்றம்.

குழுவில் எழுதுகிற நானாமாருக்கு எங்கள் பதில் இதுதான். மாடிக்கு மேல் மாடி, சீதனத்தில் போட்டி, கல்யாண மண்டபச் செலவு, தேவைக்கு மேல் உயர்ந்த பள்ளி மினாரா எல்லாம் பேச வேண்டிய விஷயங்கள். ஜும்ஆவிலும் பேசுங்கள், எங்கள் பாடசாலைப் பெற்றார் கூட்டத்திலும் பேசுவோம். வெளிநாட்டில் வெயிலில் நின்று சம்பாதித்த காசை டைல்ஸில் ஒட்டுவது எங்களுக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அதை வீடு எரிந்ததற்குக் காரணமாகச் சொல்லும்போது, எரித்தவனின் வேலையை நாங்களே செய்து கொடுக்கிறோம். 1915ல் அபாயா இல்லை, சவூதிக் காசு இல்லை, ஒலிபெருக்கி இல்லை. சம்மான்காரனிடம் மாடி வீடும் இல்லை, கடைக்குப் பின்னால் பாய்தான் இருந்தது. அப்போதும் காரணம் கிடைத்தது. அப்போதும் எங்களில் சிலர் அது அவனுடைய பிரச்சினை என்றார்கள். 2018ல் எரிந்த வீடுகளில் வெளிநாடு போகாத, கூலி வேலை செய்யும் ஆட்களின் வீடும் இருந்ததை இந்தச் சந்தியில் நிற்கும் யாரும் மறுக்க முடியாது.

ஒரு வேலைக்கு உங்கள் உதவி தேவை. கண்டிப் பக்கத்துச் சம்மான்காரரைப் பற்றியும் வளைகுடா போன முதல் தலைமுறையைப் பற்றியும் பாடசாலைப் பிள்ளைகளோடு சேர்ந்து கொஞ்சம் சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம். பழைய டீ.ஆர்.பீ. அட்டை, கரையூரில் இருந்து வந்த கடிதம், கடை கைமாறிய எழுத்து, முதல் இக்காமா, குவைத் நஷ்டஈட்டுப் படிவத்தின் பிரதி, வாப்பா பேசி அனுப்பிய கசட், எது இருந்தாலும் போனில் படமெடுத்து இன்பொக்ஸில் அனுப்புங்கள். கடவுச்சீட்டு இலக்கம், அடையாள அட்டை இலக்கத்தை விரலால் மறைத்து எடுங்கள். அசலை யாருக்கும் கொடுக்க வேண்டாம். 2018ல் அலுமாரியோடு எரிந்துபோனவர்கள் வாயால் சொன்னாலும் போதும், அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்கிறோம்.